கித்தான் போர்த்திய பழைய கேனோவைக் கட்டியவர் யார் என்று எப்படி அறிவது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கவார்த்தா ஏரிப் பகுதியில் நீங்கள் அண்மையில் வாங்கிய கோடை வீட்டின் படகுக் கொட்டகையில் 16 அடி நீளமுள்ள, மரச் சட்டகத்தின் மேல் கித்தான் போர்த்திய பழைய கேனோ (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு) ஒன்று இருக்கிறது. வீட்டை விற்றவர் அதை அமெரிக்காவின் ‘ஓல்ட் டவுன்’ கேனோ என்று சொல்லியிருக்கிறார்; பக்கத்து வீட்டுப் பெரியவர் ‘பீட்டர்பரோ’ என்கிறார். எங்கும் பெயர்ச் சின்னமோ எண்ணோ தென்படவில்லை என்றும், முனைகளில் தடித்துக் கிடக்கும் வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டு, சில படங்களையும் இணைத்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இந்தக் கேனோவைக் கட்டிய நிறுவனம் எது என்பது ஒன்று. பெயரில்லாத ஒரு கேனோவுக்கு ஒரு பெயரைச் சூட்டும் அளவுக்குச் சான்று கிடைக்குமா என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாக இவ்வகைக் கேனோக்களின் கித்தானைக் கழற்றி, விலா எலும்புகளைப் போல உடலைத் தாங்கும் விலாக்கட்டைகளை மாற்றிச் சீரமைத்து வருபவன் என்ற முறையில், இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

இந்தக் கேனோக்கள் கட்டப்பட்ட விதத்திலேயே அவற்றின் அடையாளம் பதிந்திருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலும் வாழும் பெனாப்ஸ்காட், வொலஸ்டொக்கியிக் போன்ற பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையால் கட்டிய கேனோதான் இவற்றின் மூல வடிவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்னில் மரப்பட்டைக்குப் பதிலாகக் கித்தானைப் போர்த்தும் பழக்கம் வந்தபோது, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டுவதற்காகக் கனமான மர அச்சுகள் செய்யப்பட்டன. அச்சின் மேல் ஒவ்வொரு விலாக்கட்டையும் வர வேண்டிய இடத்தில் ஓர் இரும்புப் பட்டை பொருத்தப்பட்டிருக்கும். ஆவியில் வேகவைத்த சிடார் விலாக்கட்டையை அந்தப் பட்டையின் மேல் வளைத்துப் பிடித்து, அதன்மேல் மெல்லிய சிடார் பலகைகளை வைத்துப் பித்தளைச் சிற்றாணிகளை அடிப்பார்கள். ஆணியின் கூர்முனை இரும்பில் மோதித் தானே திரும்பி மரத்திற்குள் மடங்கிக்கொள்ளும். பிறகு அச்சிலிருந்து எடுத்து, கித்தானை இழுத்துப் போர்த்தி, எண்ணெயும் நுண்மணல் தூளும் ஈயவெள்ளையும் கலந்த பூச்சால் அதன் துளைகளை அடைத்து, காய்ந்த பின் வண்ணம் பூசுவார்கள். ஆகவே விலாக்கட்டைகளுக்கு இடையிலான தூரம் தச்சரின் விருப்பத்தால் அமைந்ததல்ல. அச்சில் இருந்த இரும்புப் பட்டைகள் அதை நிர்ணயித்தன. நூறு ஆண்டுகளில் எத்தனை முறை பழுதுபார்த்தாலும் அந்த இடைவெளியும், முனைகள் மேலெழும் வளைவும், உடலின் குறுக்குவெட்டு வடிவமும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரு மனிதனின் கைரேகையைப் போல, அச்சின் ரேகை கேனோவின் உடலில் தங்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, கண்ணில் முதலில் படும் பகுதிகளே குறைந்த நம்பகத்தன்மை உடையவை. கித்தானுக்குச் சில பத்தாண்டுகளே ஆயுள்; நீங்கள் பார்ப்பது முதல் கித்தானாக இருக்க வாய்ப்புக் குறைவு, எனவே அதன் நிறமும் நிலையும் கேனோவின் வயதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வெளி விளிம்புச் சட்டங்கள் கித்தானை மாற்றும்போதெல்லாம் கழற்றப்படுபவை. மழைநீர் தங்கி முனைகளில் உளுத்துப்போவதால் அடிக்கடி புதிதாகச் செய்யப்படுபவை. இருக்கைகளும் குறுக்குச் சட்டங்களும் அப்படியே. உள் விளிம்புச் சட்டம், முனைகளை மூடும் சிறு மேற்பலகை, உள்ளே வளைந்திறங்கும் முனைக்கட்டை, விலாக்கட்டைகள், பலகைகள் ஆகியவைதான் பெரும்பாலும் பழையவையாகவே எஞ்சியிருக்கும். நான் ஒரு கேனோவைப் பார்க்கும்போது, எது மூலப் பகுதி, எது பின்னால் வந்தது என்று பிரிப்பதையே முதல் வேலையாகச் செய்கிறேன். அந்தப் பிரிப்பு முடியாமல் எந்த அடையாளத்தையும் சான்றாகக் கொள்வதில்லை.

சான்றுகளில் முதலிடம் எண்ணுக்கு. ஓல்ட் டவுன் நிறுவனம் தன் கேனோக்களின் இரு முனைகளிலும், உள்ளே முனைக்கட்டை படகின் தரையோடு வந்து சேரும் இடத்தில், தொடர் எண்ணை மரத்திலேயே குத்திப் பதித்தது. அதன் பின்னால் சற்று இடைவெளி விட்டு, படகின் நீளத்தை அடிக்கணக்கில் 15, 16, 17 என்று பதித்தது. இந்த எண் கிடைத்துவிட்டால் மற்ற ஊகங்கள் பெரும்பாலும் தேவையற்றவை ஆகிவிடும். ஏனென்றால் அந்த நிறுவனம் ஒவ்வொரு கேனோவுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தது. அந்த அட்டைகளின் பெரும் தொகுப்பு தப்பிப் பிழைத்து, இப்போது மின்படிவமாகவும் கிடைக்கிறது. எந்த மாதிரி, எந்தத் தரம், விளிம்புச் சட்டம் எந்த மரம், கித்தான் போர்த்திய நாள், பூச்சு அடித்த நாள், வண்ணம், அனுப்பிய நாள், அனுப்பிய ஊர் என்று அதில் இருக்கும் விவரங்களைப் படிக்கும்போது, அந்தக் காலத்துத் தொழிற்சாலையின் அன்றாடம் கண்முன் வந்து நிற்கும். ஆனாலும் அட்டையில் உள்ள விவரங்களைக் கையிலுள்ள கேனோவோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும். தேய்ந்துபோன 3 சில சமயம் 8 ஆகவும், 1 சில சமயம் 7 ஆகவும் தெரியும். அட்டை 17 அடி என்றும் உங்கள் கேனோ 16 அடி என்றும் இருந்தால் தவறு பெரும்பாலும் எண்ணைப் படித்ததில்தான் இருக்கும்.

மற்ற நிறுவனங்களின் எண்கள் இவ்வளவு தாராளமாகப் பேசுவதில்லை. மெய்னின் வீசி என்ற ஊரில் இயங்கிய பி. என். மோரிஸ் நிறுவனம், அணியத்தில் (படகின் முன்முனையில்) உள் விளிம்புச் சட்டத்தின் மேல் சிறிய உலோகத் தகட்டில் எண்ணைப் பொறித்துப் பதித்தது. ஆனால் 1919-ல் அந்தத் தொழிற்சாலை தீக்கிரையானதால், எண்ணை வைத்துக் கட்டிய காலத்தை ஏறத்தாழக் கணிக்கலாமே தவிர, தனிக் கேனோவின் வரலாற்றைத் தேடி எடுக்க முடியாது. அதே மாநிலத்தின் வாட்டர்வில்லில் இருந்த கென்னபெக் நிறுவனத்தின் பதிவேடுகள் ஓரளவு எஞ்சியுள்ளன. கனடாவின் செஸ்ட்நட் நிறுவனத்தைப் பொறுத்தவரை, எண்ணை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும்படியான அட்டைத் தொகுப்பு எதுவும் இல்லை. இன்னொரு எண்ணையும் கவனியுங்கள்: அமெரிக்காவில் 1972 நவம்பரிலிருந்து புதிய படகுகளுக்குப் பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட உடல் அடையாள எண் கட்டாயமாக்கப்பட்டது, கனடாவில் அது பின்னர் வந்தது. அப்படி ஓர் எண் மூலப் பகுதியிலேயே இருந்தால் கேனோ நீங்கள் நினைப்பதைவிட இளையது. இவற்றோடு, கோடைக்கால முகாம்களும் வாடகைக்கு விடுவோரும் தங்கள் வசதிக்காக எழுதி வைத்த எண்களும் உண்டு. மேற்பலகையிலோ வெளிப்புறத்திலோ பெரிதாக வண்ணத்தால் எழுதிய எண்ணைத் தொழிற்சாலை எண்ணாகக் கொண்டு வீணாகத் தேடியவர்கள் பலர்.

அடுத்தது பெயர்ச் சின்னம். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கருத்தை நான் ஒதுக்கித் தள்ளாததற்கும், அப்படியே ஏற்காததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பீட்டர்பரோ நகரமும் அதன் சுற்றுவட்டாரமும் கேனோக் கட்டுமானத்தில் பெரும் பெயர் பெற்றவை. ஆனால் அந்தப் பெயர் முதலில் வந்தது முழுக்க மரத்தாலான, கித்தானே இல்லாத கேனோக்களால். கித்தான் கேனோவில் கனடாவின் முதன்மையான பெயர் நியூ பிரன்ஸ்விக்கின் பிரெட்ரிக்டனில் இருந்த செஸ்ட்நட். அதன் உரிமையாளர்கள் 1905-ல் கித்தான் போர்த்தும் முறைக்குக் கனடாவில் காப்புரிமை பெற்று, பீட்டர்பரோ நிறுவனம் அதை மீறுவதாக வழக்கும் தொடர்ந்தார்கள். மெய்னில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வழக்கில் இருந்த முறை அது என்பதால் வழக்கு நிலைக்கவில்லை. பின்னர், 1920களில், செஸ்ட்நட்டும் பீட்டர்பரோவும் கனடியன் கேனோ நிறுவனமும் ஒரே உரிமைக் குழுமத்தின் கீழ் வந்தன. அதன் பிறகு பிரெட்ரிக்டனில் கட்டிய கித்தான் கேனோ பீட்டர்பரோ சின்னத்தோடும் விற்பனைக்குப் போனது. போதாக்குறைக்குப் பெரிய கடைகளும் தபால்வழி விற்பனை நிறுவனங்களும் வேறிடத்தில் கட்டிய கேனோக்களைத் தங்கள் பெயரில் விற்றன. ஆகையால் பீட்டர்பரோ சின்னம் தெளிவாக ஒட்டியிருக்கும் ஒரு கித்தான் கேனோவைக்கூட, அந்தச் சின்னத்தை மட்டும் வைத்து, பீட்டர்பரோவில் கட்டியது என்று நான் எழுதித் தர மாட்டேன். விற்றவரின் பெயரும் கட்டியவரின் பெயரும் வேறு வேறாக இருக்கக்கூடும். பீட்டர்பரோ நிறுவனம் 1960களின் தொடக்கத்திலும், செஸ்ட்நட் 1970களின் இறுதியிலும் மூடப்பட்டன. அதன் பின் செஸ்ட்நட்டின் அச்சுகளில் சில தனித் தச்சர்களின் பட்டறைகளுக்குப் போய், அங்கும் கேனோக்களை ஈன்றன. எனவே அச்சின் ரேகைகூட, ஆண்டைச் சொல்லும் பிற சான்றுகளின் துணை இல்லாமல், நிறுவனத்தின் பெயரை முழு நிச்சயத்தோடு சொல்லிவிடாது.

எண்ணும் சின்னமும் இல்லாதபோது உடலைப் படிக்க வேண்டியிருக்கிறது. விளிம்பைப் பாருங்கள்: பழைய கேனோக்களில் விலாக்கட்டைகளின் நுனிகள் தெரியாதபடி மேலே ஒரு மூடுசட்டம் இருக்கும், இருபதாம் நூற்றாண்டின் முதல் இரு பத்தாண்டுகளில் அது மெல்ல மறைந்து, நுனிகள் உள், வெளிச் சட்டங்களுக்கு இடையே திறந்து தெரியும் அமைப்பு பரவியது. அது மழைநீரும் மணலும் வெளியேற வசதியானது. உள் விளிம்புச் சட்டத்தில் சிறு பள்ளங்கள் வெட்டி விலாக்கட்டை நுனிகளை அவற்றில் செருகியிருந்தால் மோரிஸ் நினைவுக்கு வர வேண்டும். அவர்கள் மட்டுமே அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அதோடு முனைக்கட்டை சிடார் மரத்தாலானதாகவும் உள்ளே அதன் அடிப்பகுதி விரிந்து அகன்றதாகவும் இருந்தால் சந்தேகம் வெகுவாகக் குறையும். விலாக்கட்டைகள் சுமார் ஒன்றரை அங்குல அகலத்தில் நெருக்கமாக இருந்தால் செஸ்ட்நட்டின் உல்லாசப் பயண மாதிரிகளை எண்ணலாம். இரண்டே கால் அங்குலத்தைத் தாண்டிய அகலம் என்றால் செஸ்ட்நட்டின் வேலை மாதிரிகளுக்கும் பொருந்தும், ஓல்ட் டவுனுக்கும் பொருந்தும், வேறு பலருக்கும் பொருந்தும். க்யூபெக்கில் வெண்டாட் பூர்வகுடியினரின் குடியிருப்பில் கட்டிய கேனோக்களில் விலாக்கட்டைகள் அகன்று, மெலிந்து, தட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாசசூசெட்ஸின் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இயங்கிய பட்டறைகள் நீண்ட மேற்பலகைகளுக்குப் பெயர் பெற்றவை. நியூயார்க் மாநிலத்தின் கேன்டனில் ரஷ்டன், விஸ்கான்சினின் பெஷ்டிகோவில் தாம்ப்சன் சகோதரர்கள் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் அவர்களைச் சுட்டும் எதுவும் இல்லாததால் விரிக்காமல் விடுகிறேன்.

இருக்கைகளையும் திருகாணிகளையும் சான்றாகக் காட்டுவோர் அதிகம். ஓல்ட் டவுன் இருக்கைகள் பெரும்பாலும் பிரம்பு பின்னியவை. செஸ்ட்நட்டில் பதப்படுத்தாத தோல்வாரால் பின்னிய இருக்கைகள் பரவலாக உண்டு. குறுக்குச் சட்டங்களைப் பிடிக்கும் பித்தளை மரையாணியின் தலை சாய்சதுர வடிவில் இருந்தால் ஓல்ட் டவுன் என்று உடனே சொல்வார்கள். பழைய ஓல்ட் டவுன்களில் அவை இருப்பது உண்மைதான். ஆனால் அதே வடிவ ஆணிகளை இன்றும் வாங்கலாம், எந்தக் கேனோவிலும் மாட்டலாம். தலையில் சதுரக் குழி உள்ள திருகாணி ஒன்டாரியோவின் மில்டனில் பி. எல். ராபர்ட்சன் தொடங்கிய தொழிலின் விளைவு. 1908-க்குப் பின் கனடாவில் பரவியது. அது இருப்பதால், கனடாவில் யாரோ ஒருவர் இந்தக் கேனோவில் கை வைத்திருக்கிறார் என்று மட்டுமே முடிவு செய்யலாம். சார்ல்ஸ் ஆற்றங்கரையில் ஜே. ஆர். ராபர்ட்சன் என்று ஒரு கேனோக் கட்டுநர் இருந்தார். அவர் வேறு, இவர் வேறு. இருவரையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட குறிப்புகளைக் கண்டால் நம்ப வேண்டாம்.

இனி உங்கள் படங்கள். விளிம்பு திறந்த அமைப்பு. உள் விளிம்புச் சட்டத்தில் பள்ளங்கள் இல்லை. விலாக்கட்டைகள் அளவுகோலோடு வைத்துப் பார்க்கும்போது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் அகலம். இருக்கைகள் தோல்வாரால் பின்னியவை. அவற்றைப் பிடிக்கும் திருகாணிகளில் சதுரக் குழி. அணியத்து மேற்பலகையின் நடுவில் மெருகின் நிறம் சற்று மாறிய, கையகலத்தில் ஒரு திட்டு. இவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டே. இது மூடிய விளிம்பு கொண்ட மிகப் பழைய காலத்துக் கேனோ அன்று. விலாக்கட்டை நுனிகளைப் பள்ளங்களில் செருகிக் கட்டிய மோரிஸும் அன்று. பெரும்பாலும் சரியாக இருக்கும் என்று நான் கருதுவது, இது கனடாவில், செஸ்ட்நட் குழும அச்சொன்றில் உருவானது என்பது. தோல்வார் இருக்கைகளின் சட்டமும் குறுக்குச் சட்டங்களும் ஒரே மரத்தில், ஒரே தேய்மானத்தோடு இருப்பதால் அவை மூலப் பகுதிகள் என்று தோன்றுவதும், முனைகளின் தாழ்ந்த வளைவும் என்னை அப்படி எண்ண வைக்கின்றன. ஐயத்துக்குரியது, செஸ்ட்நட், பீட்டர்பரோ, கனடியன் என்ற மூன்று பெயர்களில் எந்தப் பெயரில் இது விற்கப்பட்டது என்பது. ஓல்ட் டவுன் என்ற கூற்றையும் இன்னும் முழுமையாகத் தள்ளிவிட முடியாது. கவார்த்தாவில் கிடைத்தது என்பதே கனடியக் கேனோ என்பதற்குச் சான்றாகாது. எல்லைக்கு அப்பாலிருந்து கோடைக்கு வந்தவர்கள் தங்கள் கேனோக்களையும் கொண்டுவந்து, பல சமயம் இங்கேயே விட்டுப் போயிருக்கிறார்கள்.

அதைத் தீர்ப்பதற்கு முனைக்கட்டையைப் பார்த்தாக வேண்டும். ஆனால் தயவுசெய்து உப்புத்தாளையோ சுரண்டியையோ எடுக்காதீர்கள். குத்திப் பதித்த எண்ணின் ஆழம் மிகக் குறைவு. நாலைந்து இழுப்பில் உப்புத்தாள் அதை என்றென்றைக்குமாக அழித்துவிடும். அதோடு பழைய வண்ணத்திலும் கித்தான் பூச்சிலும் ஈயம் இருக்கக்கூடும். அதன் தூளை உள்ளிழுப்பது உங்களுக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் தீங்கு. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், வண்ணம் கரைக்கும் பசையை முனைக்கட்டையின் அடிப்பகுதியில் மட்டும் தடவி, ஊறிய பின் மென்தூரிகையாலும் துணியாலும் எடுங்கள். பிறகு இருட்டில், கைவிளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள்; நேர் வெளிச்சத்தில் வெறும் மரமாகத் தெரிவது, சாய்ந்த வெளிச்சத்தில் எண்ணாகத் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுப்பதும் உதவும். இரு முனைகளையும் பாருங்கள், ஒன்றில் தேய்ந்தது மற்றொன்றில் எஞ்சியிருக்கலாம். மேற்பலகையில் இருக்கும் அந்தத் திட்டை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். நெடுங்காலம் ஒட்டியிருந்த சின்னம் உதிர்ந்த பின்னும், அதன் கீழ் இருந்த மரமும் மெருகும் நிறம் மாறாமல் நின்று சின்னத்தின் வெளிவடிவத்தைக் காட்டுவதுண்டு. பல கோணங்களில், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். அந்த வடிவத்தைத் தெரிந்த சின்னங்களின் வடிவத்தோடு ஒப்பிட முடியும்.

இரண்டு முனைக்கட்டைகளிலும் எண் இல்லை என்று உறுதியானால், ஓல்ட் டவுன் என்ற கூற்றுக்கு வலு மிகவும் குறைந்துவிடும். அப்போது சில அளவுகள் வேண்டும். அடுத்தடுத்த பத்து விலாக்கட்டைகளின் நடுவிலிருந்து நடு வரையிலான தூரம், ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை விலாக்கட்டைகளின் எண்ணிக்கை, நடுப்பகுதியில் விளிம்பிலிருந்து தரை வரையிலான ஆழம், அதே இடத்தில் உள் அகலம், இரு முனைகளும் நடுப்பகுதியைவிட எவ்வளவு உயர்ந்துள்ளன என்பது ஆகியவற்றை எடுங்கள். ஆழம் மட்டுமே ஒரு நல்ல வழிகாட்டி: செஸ்ட்நட்டின் புகழ்பெற்ற ‘ப்ராஸ்பெக்டர்’ சுமை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டதால் நடுவில் சுமார் 14 அங்குல ஆழம் கொண்டது, அதே 16 அடி நீளமுள்ள ‘பால்’ (Pal) என்ற மாதிரி அதைவிட ஓரிரு அங்குலம் தாழ்ந்தது. இங்கே கிடைக்கும் பெரும்பாலான 16 அடிக் கேனோக்களை அவற்றின் உரிமையாளர்கள் ‘ப்ராஸ்பெக்டர்’ என்றே அழைக்கிறார்கள். அளந்து பார்த்தால் பலவும் வேறு மாதிரிகளாக இருக்கின்றன. அளவுகளோடு பீட்டர்பரோ நகரிலேயே உள்ள கனடியக் கேனோ அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே காட்சியிலிருக்கும் செஸ்ட்நட், பீட்டர்பரோ கேனோக்களின் முனை வளைவையும் மேற்பலகையையும் உங்கள் படங்களோடு வைத்துப் பார்ப்பதும் பயன் தரும்; உங்கள் இடத்திலிருந்து அது தூரமில்லை.

பழுதுபார்ப்பதற்கு, கட்டியவரின் பெயர் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உளுத்த விலாக்கட்டையை மாற்றுவதும் புதுக் கித்தான் போர்த்துவதும் எந்த நிறுவனத்தின் கேனோவுக்கும் ஏறத்தாழ ஒரே வேலைதான். கித்தானைக் கழற்றும் நாளில் மட்டும் அவசரப்படாதீர்கள்; மேற்பலகையின் அடிப்பக்கத்திலும், இருக்கைச் சட்டத்தின் மறைவான முகத்திலும், வெளி விளிம்புச் சட்டத்தின் உட்பக்கத்திலும் தச்சர்கள் பென்சிலால் எழுதிய எண்களும் குறிகளும் கிடைப்பதுண்டு. கழற்றிய ஒவ்வொரு துண்டையும், எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைத்து, வேலை முடியும் வரை பாதுகாத்து வையுங்கள். எப்போதாவது விற்க நேர்ந்தால், ‘செஸ்ட்நட் குழுமத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 16 அடிக் கித்தான் கேனோ, எண்ணும் சின்னமும் இல்லை’ என்று எழுதுவதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்தும் வாசகம். முனைக்கட்டையில் எண் தெரிந்தாலும், அளவுகளை எடுத்தாலும் அனுப்புங்கள். அந்த வாசகத்தில் எந்தச் சொல்லை நீக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.